காசு, கடன், சிறுவாடு: பணம் பற்றிய ஆங்கிலத் தொடர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சிம்மக்கல் பக்கம் சாயங்கால நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பகல் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்கள். மீதிப் பேர் வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள். இரு தரப்பும் அதிகமாகத் தடுமாறுவது பணத்தைப் பற்றிய மரபுத்தொடர்களில்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கடைக்கு வந்த வெளிநாட்டு அம்மா சேலையைப் பார்த்துவிட்டு “இட்ஸ் எ ஸ்டீல்!” என்றார். திருட்டு என்கிறாரா?

இல்லை, பாராட்டுகிறார். சித்திரை வீதிப் பக்கம் சுங்குடிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்தார். அந்த அம்மா அப்படிச் சொன்னதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பில் புத்தகத்தை எடுத்து, அதே சேலையை முந்தின நாள் என்ன விலைக்கு விற்றோம் என்று காட்டியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “நாங்க அப்படிப்பட்டவிய்ங்க இல்லக்கா” என்று என்னிடம் சொல்லும்போதும் அவர் குரல் இறங்கித்தான் இருந்தது.

“எ ஸ்டீல்” என்றால், இவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைப்பது நானே திருடிக்கொண்டு போவது மாதிரி இருக்கிறது என்று பொருள். திருடுகிறவர் இடத்தில் வாங்குகிறவர் தன்னைத்தான் வைத்துக்கொள்கிறார். சிரித்துக்கொண்டே “தேங்க் யூ” சொல்லிவிடலாம். “டேலைட் ராபரி” என்று சொன்னால் மட்டும் யோசிக்க வேண்டும். அது நம் ‘பகல் கொள்ளை’யேதான், சொல்லுக்குச் சொல் அப்படியே. “ரிப் ஆஃப்” என்றாலும் விலை அநியாயம் என்றுதான் சொல்கிறார்.

“ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்” என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? கையும் காலுமா?

யானை விலை, குதிரை விலை. அவர்கள் உடம்பிலிருந்து கையையும் காலையும் எடுத்துக் கொடுக்கிறார்கள், நாம் யானையையும் குதிரையையும் கொண்டுவந்து நிறுத்துகிறோம். எட்டாத விலை என்பதுதான் இரண்டுக்கும் பொருள்.

தேர்வில் மாட்டிவிடுகிற இடம் வினைச்சொல். “காஸ்ட்” இறந்த காலத்திலும் “காஸ்ட்”தான், “காஸ்டட்” ஆகாது. “தி ஆபரேஷன் காஸ்ட் அஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்” என்று எழுதலாம். ஆனால் கை கால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சில் இதைச் சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் மனம் நோகும். “பே த்ரூ த நோஸ்” என்பதற்கும் கிட்டத்தட்ட இதே பொருள்தான். நியாயத்தை மீறிய விலை கொடுத்தேன் என்ற ஆற்றாமை அதில் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

“டர்ட் சீப்” என்றால் அடிமாட்டு விலை என்று எழுதலாமா?

பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லி விடிவதற்குள் மொட்டாகப் பறித்து வர வேண்டிய பூ. சாயங்காலம் விரிந்துவிடும். இருப்பு வைத்து விற்க முடியாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயருக்கு ஒரு காப்பு வந்தது. ஆனால் வரத்து கூடின நாளில் விலை சரிவதை எந்தக் குறியீடும் தடுக்காது. அன்றைக்குத் திருமங்கலத்திலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மூட்டையோடு வந்த விவசாயி, கமிஷன் கடைக்காரர் சொல்கிற விலைக்குப் போட்டுவிட்டுப் பஸ் ஏறுவார். ‘அடிமாட்டு விலைக்குக் கேக்குறாய்ங்க’ என்று அவர் சொல்வதில் வயிற்றெரிச்சல் இருக்கிறது. உழைத்து ஓய்ந்த மாட்டைக் கடைசியாக விற்கிற விலை அது.

“டர்ட் சீப்” வாங்கினவரின் வாயிலிருந்து வருகிற சொல். அதில் மகிழ்ச்சிதான் உண்டு. “ஃபார் எ சாங்” என்பதும் அப்படித்தான், சல்லிசாகக் கிடைத்தது என்று பொருள். ஆகவே “டர்ட் சீப்” என்பதற்குக் ‘கொள்ளை மலிவு’ என்று எழுதுங்கள். விற்றவரின் வலியைச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் மரபுத்தொடரைத் தேடாமல், “ஹி வாஸ் ஃபோர்ஸ்டு டு செல் அட் எ லாஸ்” என்று நேராகவே சொல்லுங்கள்.

அதே மல்லி முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அதற்கு “பிரைசஸ் வென்ட் த்ரூ த ரூஃப்”. கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று என்று அப்படியே சொன்னாலும் நமக்குப் புரிகிறது. அன்றைக்கு ஒரே நாளில் பெரிய லாபம் பார்த்த வியாபாரியை “ஹி மேட் எ கில்லிங்” என்பார்கள். இதில் கொலை எதுவும் இல்லை.

“சேவ் ஃபார் எ ரெய்னி டே” என்கிறார்கள். மழை வந்தால் நல்லதுதானே? அதற்கு ஏன் சேமிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இங்கிலாந்தில் மழை என்பது வேலை கெடுகிற, மனம் சோர்கிற நாள். அதனால் ‘மழை நாள்’ அவர்கள் பேச்சில் கஷ்ட காலமாகிவிட்டது. நமக்கோ வைகையில் தண்ணீர் ஓடினால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர். மழைக்காக ஏங்குகிறவர்களிடம் போய் மழைக்காலத்துக்குப் பயந்து சேமி என்றால் எப்படி ஏறும்? வகுப்பில் இதை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னபோது ஒரு மாணவி, மழைநீரைத் தொட்டியில் சேமிக்க வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தார். இலக்கணம் சுத்தமாக இருந்தது. பொருள்தான் வேறு ஊருக்குப் போய்விட்டது.

நான் விளக்கத் தொடங்கும் முன்னால் பின்வரிசையிலிருந்து இன்னொரு பெண் பேசினார். அவருடைய அம்மா அப்பளம் தேய்க்கிறவர். காலையில் மாவு வாங்கி வந்து, தேய்த்து, காயவைத்து, கட்டிக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. “ஐப்பசி வந்துட்டா எங்க வீட்டுல பேச்சே இருக்காது டீச்சர். அடைமழைல அப்பளம் காயாது, மாவும் தர மாட்டாங்க. அதுக்காகவே அம்மா சித்திரை வைகாசியில அரிசி டப்பாக்குள்ள காசு போட்டு வைக்கும்” என்றார். வகுப்பு முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. கொத்து வேலைக்குப் போகிற அப்பா உள்ள ஒரு பையன், “ஆமா, எங்க வீட்லயும் அப்படித்தான்” என்றான்.

அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. அரிசி டப்பாவுக்குள் கிடக்கும் அந்தக் காசுதான் “ரெய்னி டே” பணம். “மை மதர் புட்ஸ் அவே எ லிட்டில் மனி ஃபார் எ ரெய்னி டே.” அந்தப் பெண் இந்தத் தொடரை இனி மறக்க மாட்டார். அகராதியில் பொருள் தேடுவதற்கு முன்னால், நம் வீட்டில் இது எப்போது நடந்தது என்று தேடிப் பாருங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அப்படியானால் சிறுவாடு என்பதற்கு “நெஸ்ட் எக்” சரியா?

சரியில்லை. கோழி தொடர்ந்து அதே இடத்தில் முட்டையிட வேண்டும் என்று ஒரு முட்டையைக் கூட்டில் விட்டுவைப்பார்கள். கிராமத்தில் கோழி வளர்த்த எல்லோருக்கும் இது தெரியும். “நெஸ்ட் எக்” அதிலிருந்து வந்தது. இன்று அது ஓய்வுக்காலத்துக்கோ வீடு வாங்கவோ நெடுநாளாகச் சேர்த்த பெரிய தொகையைக் குறிக்கும். வருங்கால வைப்பு நிதி ஒரு “நெஸ்ட் எக்”.

சிறுவாடு வேறு. அஞ்சறைப் பெட்டியிலும் சேலை மடிப்பிலும் சுருக்குப்பையிலும் இருக்கிற காசு அது. வீட்டுக்காரருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார். பள்ளிக்கூடப் பணம் கட்ட முடியாத நாளில் அது வெளியே வரும். சிறு தொகை, ரகசியம், பெண்ணின் உரிமை மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் “பின் மனி” என்று பழைய தொடர் ஒன்று உண்டு. பெண்கள் தம் சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் பணம் என்று பொருள். அதில் ரகசியம் இல்லை. நான் என் மாணவர்களை “த மனி மை மதர் ஹேட் குவையட்லி புட் அசைட்” என்று எழுதச் சொல்கிறேன். அழகான ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எட்டு ஆங்கிலச் சொல் செலவானாலும் பரவாயில்லை.

இத்தனை “பென்னி” எதற்கு? பென்னிக்கும் பவுண்டுக்கும் என்ன கணக்கு?

1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அன்றிலிருந்துதான் நூறாக மாற்றினார்கள். நம் ஊரில் அந்த மாற்றம் 1957 ஏப்ரல் 1இலேயே வந்துவிட்டது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா. அணாவை யாரும் பார்க்காத இந்தக் காலத்திலும் ‘காலணாவுக்குப் பிரயோசனம் இல்லை’ என்கிறோம் அல்லவா? அதே போலத்தான் அந்தப் பழைய பென்னியும் பேச்சில் தங்கிவிட்டது. நாணயம் போனாலும் சொல் போவதில்லை.

“பென்னி வைஸ் அண்ட் பவுண்ட் ஃபூலிஷ்” என்பதற்கு நம் பழமொழி கச்சிதமாகப் பொருந்துகிறது: கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது. உடைந்த கூரை ஓட்டை மாற்ற இருநூறு ரூபாய்க்கு யோசித்து, மழையில் அரிசி மூட்டையை நனையவிட்ட வீட்டை இதற்கு உதாரணமாகச் சொல்வேன்.

“பென்னி பின்ச்சர்” என்றால் கஞ்சன், எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். சிக்கனக்காரரை இப்படிச் சொல்லக் கூடாது. அவருக்கு “த்ரிஃப்டி” என்ற மரியாதையான சொல் இருக்கிறது. அரிசி டப்பாவில் காசு போட்ட அந்த அம்மா “த்ரிஃப்டி”.

“இன் த ரெட்” என்றால் நல்லதா கெட்டதா?

கெட்டது. கணக்கில் நஷ்டம், அல்லது கையிருப்பை மீறிய செலவு. நஷ்டத் தொகையைச் சிவப்பு மசியில் எழுதும் வழக்கத்திலிருந்து வந்தது. “இன் த பிளாக்” என்றால் லாபம், கறுப்பு மசி. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் இதில் தவறுவது இயல்பு. கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் பேரேட்டுக்குச் சிவப்பு அட்டை, பூசையில் குங்குமம். சிவப்பு நமக்கு மங்கலம். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குகிறவர்கள் நாம். அந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளை, சிவப்பு என்றதும் நல்ல சேதி என்று நினைத்தால் குற்றம் சொல்ல முடியுமா? கணக்கு நோட்டில் ஒரு வரவு வரியைக் கறுப்பிலும் ஒரு நஷ்ட வரியைச் சிவப்பிலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள், பதிந்துவிடும்.

“பிரேக் த பேங்க்” என்றால் வங்கிக் கொள்ளையா?

இல்லை. இங்கே “பேங்க்” என்பது சூதாட்ட மேசையில் ஆட்டம் நடத்துகிறவர் கையில் உள்ள பணம். அது முழுவதையும் ஒருவர் ஜெயித்துவிட்டால் “பேங்க்” உடைந்தது. இன்று பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். “இட் வோன்ட் பிரேக் த பேங்க்” என்றால், கையைக் கடிக்காது.

“ராப் பீட்டர் டு பே பால்” என்பதற்குக் கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று வழிகாட்டி நூலில் இருக்கிறது. சரியா?

தவறு. வழிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர் கடன்காரர் இல்லை. அடுத்தவர் பொருளில் தாராளம் காட்டிப் புண்ணியம் தேடியவர். “ராப் பீட்டர்” அது அல்ல. ஓரிடத்தில் கடன் வாங்கி இன்னோரிடத்தில் அடைப்பது, ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை போடுவது. மகளிர் குழு தவணைக்காகத் தண்டல்காரரிடம் வாங்கி, தண்டலுக்காக நகையை வைத்து, நகையை மீட்க வட்டிக்கு வாங்கி என்று சுற்றுகிற வீடுகளை நம் தெருக்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்தச் சுற்றில் கடைசியாக நிற்கிறவர் “லோன் ஷார்க்”. கந்துவட்டிக்காரர். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று மதுரைப் பக்கம் அதற்கு எத்தனையோ பெயர். அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலிருந்து இருக்கிறது. மிரட்டுகிறவரிடம் சிக்கியிருப்பவர்கள் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே, மொழி வகுப்பிலும் இதைச் சொல்கிறேன்.

“அப் டு ஹிஸ் இயர்ஸ் இன் டெட்” என்றால் காது வரைக்கும் கடன். நாம் தலைக்கு மேல் என்கிறோம். “த்ரோயிங் குட் மனி ஆஃப்டர் பேட்” என்றால், விட்டதைப் பிடிக்கப் போய் இருந்ததையும் விட்ட கதை.

கடன் கேட்டு வங்கிக்கு எழுதும் கடிதத்தில் “ஐ ஆம் பிரோக்” என்று எழுதலாமா?

கூடாது. அது கூட்டாளியிடம் கைமாத்து கேட்கும்போது சொல்வது: ‘கையில சுத்தமா காசு இல்லடா’. “ஸ்ட்ராப்ட் ஃபார் கேஷ்” என்பது பணமுடை, கொஞ்சம் நாகரிகமானது. அதுவும் பேச்சுக்குத்தான். வங்கிக்கு “டியூ டு ஃபைனான்ஷியல் டிஃபிகல்டி” என்று எழுதுங்கள். “மேக் எண்ட்ஸ் மீட்” மட்டும் எங்கும் தலைகுனிய வைக்காத தொடர்: “வி ஆர் ஸ்ட்ரக்ளிங் டு மேக் எண்ட்ஸ் மீட்”. செலவு வரவை மீறாமல் ஓட்டப் படாத பாடு படுகிறோம் என்று பொருள். “டைட்டன் அவர் பெல்ட்ஸ்” என்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலவைக் குறைப்பது.

காசின் பெயர் இருந்தும் காசைப் பற்றிப் பேசாத தொடர்கள் எவை?

தேர்வில் இவற்றைத்தான் குறிவைத்துக் கேட்கிறார்கள். “த பென்னி டிராப்ட்” என்றால், இப்போதுதான் மண்டையில் ஏறியது. “மை டூ சென்ட்ஸ்” என்றால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். “பே பேக் இன் த சேம் காய்ன்” என்றால், அவர் செய்ததையே அவருக்குத் திருப்பிச் செய்வது. பெரும்பாலும் கெட்டதுக்கு.

“த பக் ஸ்டாப்ஸ் ஹியர்” எல்லோரையும் ஏமாற்றும். “பக்” என்றால் டாலர் என்று தெரிந்தவர்கள்தான் முதலில் விழுவார்கள். இது சீட்டாட்டத்தில் அடுத்துச் சீட்டுப் போடுகிறவர் யார் என்று காட்ட வைக்கும் அடையாளப் பொருள். அதை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது “பாஸ் த பக்”, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் தன் மேசையில் “த பக் ஸ்டாப்ஸ் ஹியர்” என்ற பலகையை வைத்திருந்தார். முடிவுக்கு நானே பொறுப்பு என்று அர்த்தம்.

காசின் பெயரே இல்லாமல் காசைப் பற்றிப் பேசும் தொடர்கள்?

பாதி சாப்பாட்டுப் பெயர்கள். “பிரெட் அண்ட் பட்டர்” என்றால் சோறு போடுகிற தொழில். “பிரிங் ஹோம் த பேக்கன்” என்றால் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பது. ‘எங்க வீட்டுல உலை கொதிக்கிறதே அக்கா சம்பளத்துலதான்’ என்பதை “மை சிஸ்டர் பிரிங்ஸ் ஹோம் த பேக்கன்” என்று சொல்லலாம். “வொர்க் ஃபார் பீநட்ஸ்” என்றால் சொற்பக் கூலிக்கு உழைப்பது. இதை விளக்கும்போது ஜவுளிக்கடைப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். உடனே புரிந்துவிடுகிறது.

“வொர்த் ஹிஸ் சால்ட்” என்றால் வாங்குகிற சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை பார்க்கிறவர். “சாலரி” என்ற சொல்லே உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். “ஒயிட் எலிஃபன்ட்” என்றால் வாங்கினதை விட வைத்துக் காப்பதற்கு அதிகம் செலவு வைக்கிற பொருள். யானையைக் கட்டித் தீனி போடுவது நமக்குத் தெரியாததா?

“கிரீஸ் சம்ஒன்ஸ் பாம்” என்றால்?

லஞ்சம். ‘கொஞ்சம் கவனிச்சு அனுப்புங்க’ என்று சொல்வார்களே, அதே விஷயம்.

மொய், செய்முறை என்பதை “சிப் இன்” என்று சொல்லலாமா?

“சிப் இன்” என்றால் ஆளுக்குக் கொஞ்சம் போடுவது. வகுப்பில் ஒருவருக்குப் பிரிவுபசாரம் என்றால் எல்லோரும் “சிப் இன்” செய்யலாம். அதோடு முடிந்தது. மொய் அப்படி இல்லை. நோட்டில் பெயர், ஊர், தொகை ஏறும். அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். தாய்மாமன் செய்முறை என்றால் அதற்கு மேல் ஒரு மரியாதையும் உறவும் இருக்கிறது. எந்த ஆங்கிலத் தொடரிலும் அது அடங்காது. “மொய்” என்றே எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் விளக்குங்கள்.

நண்பர்களோடு ஜிகர்தண்டா குடிக்கப் போனால் யார் காசு கொடுப்பது என்பதை எப்படிச் சொல்வது?

நீங்கள் கொடுத்தால் “இட்ஸ் ஆன் மீ”. அவரவர் காசை அவரவர் கொடுத்தால் “லெட்ஸ் கோ டச்”. கடைக்காரரே காசு வேண்டாம் என்றால் “இட்ஸ் ஆன் த ஹவுஸ்”. காய்கறிக் கடையில் கொசுறாகக் கொடுக்கிற கறிவேப்பிலைக்கு இதைச் சொல்வதில்லை, அது வாங்கின பொருளோடு வருகிற உரிமை. பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் “ஹி ஃபுட்டட் த பில்”. பில்லின் அடியில் மொத்தத்தைக் கூட்டி எழுதுவதிலிருந்து வந்த தொடர் அது. விளக்குத்தூண் பக்கம் கூட்டமாக நிற்கும்போது, ‘ஏய், காச உள்ள வையிடா, அண்ணன் குடுத்துட்டாரு’ என்று ஒரு குரல் வருமே, அந்த இடத்தில் சொல்ல வேண்டியது இதுதான்.